எந்தப் புகை நாறுகிறது?

வங்கியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அதிகாரி ஒருவர் கைபேசியை நீட்டினார். அமெரிக்காவில் இருக்கும் அவர் மைத்துனர் காட்டு வான்கோழி ஒன்றை வேட்டையாடி, கொல்லையில் புகைபோட்ட படம். ராத்திரி முழுக்க உப்புத் தண்ணியில் ஊறவைத்து, மறுநாள் ஆப்பிள் கட்டைப் புகையில் 110 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக விட்டு, உள்சதை 74 டிகிரி ஏறினதும் இறக்கினாராம். 'என்ன ஒரு கலாச்சாரம் பாருங்க' என்றார். மயிலைப் பார்த்து ஆடினதாகச் சொல்லி, படிக்காதவனைக் கேலி பண்ண நமக்குப் பாடத்தில் வைத்த பறவை. அமெரிக்கப் புகை பட்டதும் அதற்குக் கலாச்சாரம் வந்துவிட்டது.

உப்பும் புகையும்தானே சார்? அதைத்தான் எங்கம்மாவும் செய்தது.

ஆடி மாசம் அல்லிநகரத்துக்கு வந்திருந்தது அம்மா. நான் குடியிருப்பது ஊருக்குள், வாடகை வீடு. கையோடு மூணு கிலோ மாட்டுக்கறி. கொழுப்பையும் சவ்வையும் வழித்தெடுத்து, சதையை அறுந்துவிடாமல் நீள நீளமாகக் கீறி, கல்லுப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டுப் பிசறி ஒரு ராத்திரி வைத்தது. உப்பு கறியிலிருக்கிற தண்ணியை இழுத்துவிடும். வெயில் காலமென்றால் கொடியில் போட்டுக் காக்கா விரட்டினால் போதும், நாலு நாளில் விறகாகிவிடும். ஆடியில் மலையிலிருந்து காத்தும் சாரலும் இறங்கும்போது ஏது வெயில்? அதனால் கொல்லையில் மூணு கல்லைக் கூட்டி, மேலே கயிறு கட்டிக் கறியைத் தொங்கவிட்டு, கருவேலங்கட்டையை எரியவிடாமல் புகையவிட்டது. கறி வேகக்கூடாது, காயணும். புகை பட்டால் ஈ அண்டாது, பூசணமும் சீக்கிரம் பிடிக்காது. இதெல்லாம் அம்மாவுக்கு டிகிரி கணக்கில் தெரியாது. புறங்கையைப் புகையில் நீட்டிப் பார்க்கும்.

எதற்கு இவ்வளவு பாடு? மாடு அறுத்த அன்னிக்குத்தான் சேரிக்குக் கறி. கூலி இல்லாத நாளில் ரெண்டு துண்டைத் தட்டிக் குழம்பில் போட்டால் ஒரு குடும்பம் சோறு தின்னும். பசிக்கு எதிராக எங்கள் பெண்கள் கண்டுபிடித்த சேமிப்புக் கணக்கு இது. பேங்க்காரன் சொல்கிறேன்.

சாயங்காலமே வீட்டுக்காரர் வந்துவிட்டார். 'என்ன நாத்தம் இது? குடும்பங்க இருக்கிற எடம்.' அவர் மொட்டைமாடிக் கொடியில் ஆட்டுக்கறி உப்புக்கண்டம் காய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் மணம். மூக்குக்கு ஆடு, மாடு தெரியாது தோழர்களே, சாதி தெரியும். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்ததே, அதில் மாட்டுக்கறிக்கு இலை போட்டார்களா? எதிர்ப்பு கிளம்பியதும் மழை வருகிறது என்று விழாவையே தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறி வேகிற ஊரிலேயே இந்தக் கதி.

நம்மிலும் படித்த சிலர் சொல்கிறார்கள்: 'அம்பேத்கரே விடச் சொன்னாரே.' அய்யா, 1927-இல் மகாடில் அவர் விடச் சொன்னது செத்த மாட்டுக்கறியை. செத்ததைத் தூக்குவதும் தின்பதும் உன் கடமை என்று ஊர் சுமத்தியதை. 1948-இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று எழுதிய நூலில், பார்ப்பனர்களும் ஒருகாலத்தில் மாட்டுக்கறி தின்றவர்கள்தான் என்று அவர்களுடைய சாஸ்திரங்களை வைத்தே காட்டினார். அதையும் படியுங்கள். உப்புக்கண்டத்தை ஒளிச்சு வைக்க அவரைத் திரையாக்காதீர்கள்.

ஒளிச்சவன் நானும்தான். வீடு பார்க்க வந்தபோது 'எந்தத் தெரு?' என்று கேட்டார்கள். 'பேங்க்ல வேலை' என்று பதில் சொன்னேன். அன்றைக்கும் வீட்டுக்காரர் சத்தம் போட்டதும், 'கருவாடுங்க' என்று வாய் தானாகப் பொய் சொன்னது. அம்மா ஒண்ணும் பேசலை. குனிந்து புகையை ஊதிக்கொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது, புகையால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

ராத்திரி மாடியேறிப் போய்ச் சொன்னேன்: 'அது மாட்டுக்கறிங்க. உப்புக்கண்டம்.'

மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார். கறி காய இன்னும் ரெண்டு நாள் ஆகும்.