திட்டம் தீட்டும் இடத்தில் அங்கன்வாடி ஊழியர் எங்கே?

ஆலைக்கும் வயலுக்கும் போகும் நம் பெண்கள் பிள்ளையை நம்பி விட்டுச் செல்லும் இடம் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் துவங்கிய திட்டம் இது. பிள்ளைக்குச் சோறு, எடை, பாட்டு, கர்ப்பிணிக்குச் சத்துணவு, வீடு வீடாகக் கணக்கு, அத்தனையும் அந்த ஊழியர் தலையில். ஆயினும் அவர் தொழிலாளி அல்லவாம்; 'கௌரவ ஊழியர்' என்கிறது சர்க்கார். கூலியை மறுக்கும் கௌரவம்! 2018-ல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த தொகை மாதம் ரூ. 4,500, உதவியாளருக்கு ரூ. 2,250. மாநிலங்கள் சேர்ப்பது வேறு.

2013-ல் இந்தியத் தொழிலாளர் மகாநாடு இவர்களைத் தொழிலாளராக அங்கீகரிக்கச் சிபாரிசு செய்தது. 2022-ல் கிராஜுவிட்டி உண்டென்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது.

2020 கல்விக் கொள்கை, முன்பருவக் கல்விப் பொறுப்பையும் இவர்கள் மீது ஏற்றியது. பன்னிரண்டாவது தேறியவருக்கு ஆறு மாதப் பயிற்சி, மற்றவருக்கு ஓராண்டு. 2021-ல் செல்போன் பதிவும் சேர்ந்தது. மூன்று வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்காரும், நாற்று நடப் போன தாய் எப்போது திரும்புவாள் என்பதெல்லாம் டில்லி அதிகாரிக்கா தெரியும், அந்த ஊழியருக்கா?

ஆகவே நாம் கேட்கிறோம்: பாடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யும் கமிட்டிகளில், மத்தியிலும் மாநிலத்திலும், ஊழியர் சங்கப் பிரதிநிதிகளுக்கு ஓட்டுரிமையுடன் இடம் வேண்டும். ஆலை வாயிற்கூட்டங்களிலும் விவசாயத் தொழிலாளர் மகாநாடுகளிலும் இத்தீர்மானம் நிறைவேறட்டும்.