ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்!

காய்ச்சல் என்று சேர்த்த அப்பாவை ஐ.சி.யு.வுக்கு மாற்றிவிட்டார்கள். ‘செப்டிக் ஷாக்’ என்கிறார் டாக்டர். லேப் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின் என இரண்டு பெயர்கள். பக்கத்தில் எகிறிய எண்கள். ‘இதை முன்னாடியே எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே’ என்று குடும்பமே தவிக்கும். அப்படித் தெரிந்திருக்குமா?

இரண்டுமே ரத்தத்தில் காணப்படும் புரதங்கள். சி.ஆர்.பி.யைச் சுரப்பது கல்லீரல். உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் இது ஏறும். கிருமிதான் காரணம் என்று அடித்துச் சொல்லாது. புரோகால்சிட்டோனின் சற்றுத் துல்லியமானது. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் இது மிக மிகக் குறைவு. கடுமையான பாக்டீரியா தொற்று வந்தால் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். ஆனால், பெரிய ஆபரேஷன், விபத்துக் காயம், தீக்காயம் இவற்றுக்குப் பிறகும் ஏறலாம். தொற்றின் தொடக்கத்தில் நார்மலாகவும் இருக்கலாம்.

அதனால்தான் இந்த எண்ணை மட்டும் வைத்து டாக்டர்கள் முடிவெடுப்பதில்லை. தொற்று இருந்து, போதிய அளவு சலைன் ஏற்றிய பிறகும் ரத்த அழுத்தத்தைத் தக்கவைக்க மருந்து தேவைப்பட்டு, லாக்டேட் அளவும் 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் அது செப்டிக் ஷாக். இது 2016-ல் வகுக்கப்பட்ட வரையறை. இந்த நிலைக்குப் போனவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் இறக்கிறார்கள். எனவே 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். அதைத் தொடங்குவதற்குப் புரோகால்சிட்டோனின் ரிப்போர்ட்டை நம்பியிருக்க வேண்டாம் என்கின்றன 2021-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்கள்.

பிறகு எதற்கு இந்த டெஸ்ட்? மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்க இது கைகொடுக்கும். அளவு படிப்படியாக இறங்கி, நோயாளியும் தேறி வந்தால், ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரமே நிறுத்த முடியும். எனவே, ‘எவ்வளவு இருக்கிறது?’ என்பதோடு நிற்காமல், ‘போன முறையைவிடக் குறைந்திருக்கிறதா?’ என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை வேறு. தொற்று உள்ளவருக்கு மூச்சு வாங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறுகிறாரா, சிறுநீர் குறைந்துவிட்டதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா? வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இப்படி ஆகலாம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் லேபுக்கு அலையாமல், 108-ஐ அழைத்து நேராக ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ரத்தப் பரிசோதனையை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.