பூட்ஸை யார் துடைப்பது?

ராணுவத்தில் சாதி இல்லை என்கிறார்கள். பட்டாளத்துக்குப் போய் வந்தவரைக் கேட்டால் அவரும் முதலில் அதைத்தான் சொல்வார். ஒரே சட்டை, ஒரே வரிசை, ஒரே சாப்பாடு. தோளிலும் கையிலும் இருக்கிற பட்டையைப் பார்த்துத்தான் சல்யூட் அடிக்கணும், அப்பன் பாட்டன் யாரென்று பார்த்தல்ல. இது பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரிய வேண்டுமானால் போர்க்கதைகளைப் படித்துப் பயனில்லை. சிப்பாய் அன்றாடம் கையாளும் சாமான்களைப் பார்க்க வேண்டும். தலைப்பாகை, தோட்டா, செம்பு, பூட்ஸ்.

1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. நெற்றியில் குறி இடாதே, தாடியை மழி, புது மாதிரித் தலைப்பாகை கட்டு என்று வெள்ளைக்காரன் விதி போட்டான். அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் ஒன்று இருந்தது. கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். ஆனால் தலையில் தோல் ஏறுவது பெரும் அவமானமாக உணரப்பட்டது என்பதில் ஐயமில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதே சிப்பாயின் காலணியும் இடுப்பு வாரும் தோல்தானே? அவற்றைச் செய்த கை யாருடையது? இடுப்புக்குக் கீழே இருந்தால் தோல் வேண்டும். தலைக்கு ஏறினால் தீட்டா?

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் நடந்தது இன்னும் தெளிவானது. ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்த, தாழ்ந்த சாதி என்று சொல்லப்பட்ட ஒரு தொழிலாளி, பார்ப்பனச் சிப்பாய் ஒருவனிடம் அவன் செம்பிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பு தீட்டாகும் என்று அவன் மறுத்தான். கொஞ்சநாளில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப் போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும் என்று இவர் திருப்பிக் கேட்டார். அன்றைய ராணுவக் கடிதத்திலேயே இது பதிவாகியிருக்கிறது. வட இந்திய தலித் மக்கள் அவரை மாதாதீன் பங்கி என்று பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். பாடப்புத்தகம் தோட்டாவைச் சொல்கிறது. செம்பைச் சொல்வதில்லை.

கலகம் முடிந்தபின் வெள்ளையன் படித்துக்கொண்ட பாடம் என்ன? சாதியை ஒழிப்பதல்ல, சாதியைக் கணக்குப் போட்டு ஆள் எடுப்பது. 'போர்வீரக் குலங்கள்' என்று ஒரு பட்டியல் வந்தது. 1818 கோரேகான் போரின் நினைவுத்தூணில் உள்ள 49 பெயர்களில் 22 பெயர்கள் மகார்களுடையவை. அந்த மகார்களுக்கே 1890களில் பட்டாளத்தின் கதவு சாத்தப்பட்டது. அம்பேத்கர் 1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தபோது அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். அப்படிப்பட்ட ஒரு தலைமுறையின் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்றார்கள். ஓய்வுபெற்ற ராணுவத்தினரான கோபால் பாபா வலங்கர் 1894இல் எழுதிய விண்ணப்பமும் எடுபடவில்லை.

உயிர் கொடுக்க ஆள் தேவைப்பட்டபோது மட்டும் கதவு திறந்தது. 1917இல் 111வது மகார் படை, 1921இல் கலைப்பு. 1941இல் மகார் ரெஜிமெண்ட். 1943இல் சமார் ரெஜிமெண்ட், கோஹிமாவில் சண்டை. 1946இல் அதுவும் கலைப்பு. சமார்கள் யார்? தோல் தொழிலுக்குள் தள்ளப்பட்ட மக்கள். பட்டாளத்துக்குச் சேணமும் வாரும் செய்ய கான்பூரில் 1860களிலேயே அரசுத் தொழிற்சாலை வந்துவிட்டது. பூட்ஸ் தைக்க ஆள் வேண்டும். பூட்ஸ் போட்டு நிற்க வேண்டாமாம்!

வங்கியில் என் கவுண்டருக்குப் பென்ஷன் வாங்க வரும் முன்னாள் ராணுவத்தினர் உண்டு. எல்லோரும் பெயருக்கு முன்னால் ஹவில்தார், நாயக் என்று பதவியைச் சேர்த்துச் சொல்வார்கள். நம் சேரிக்காரர் ஒருவர், வயதானவர், ஒருநாள் சொன்னார்: "அங்க பூட்ஸ் போடலேன்னா சார்ஜ் போடுவான் தம்பி. இங்க லீவுக்கு வந்தா, போட்டதுக்கு அடிக்க வருவான். ஊர்த்தெரு முனையில கழட்டிக் கையில எடுத்துக்குவேன்." இரண்டு விதிகளுக்கு நடுவில் ஒரு ஜோடி பூட்ஸ். ராணுவம் கொடுத்த சாமானைக் கவனக்குறைவால் தொலைத்தாலே 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 54வது பிரிவின்படி குற்றம். அத்தனை மதிப்புள்ள அரசாங்கச் சொத்தை ஊர்க்காரன் கழட்டச் சொன்னால் கேட்க நாதியில்லை.

சரி, பட்டாளத்துக்கு உள்ளேயாவது அந்த பூட்ஸுக்கு மரியாதை உண்டா? அங்கே 'சகாயக்' என்றொரு ஏற்பாடு. அதிகாரியின் சீருடை, ஆயுதம், சாமான்களைப் பராமரிப்பதும் சண்டையில் அவருக்குத் துணையாக நிற்பதும்தான் காகிதத்தில் உள்ள வேலை. நடைமுறையில் பூட்ஸ் பாலீஷ், நாயை நடத்திக்கொண்டு போவது, அம்மாவுக்குக் காய்கறி வாங்குவது. வெள்ளைக்காரன் விட்டுப்போன இந்தப் பழக்கத்தை ஒழியுங்கள், ஜவான் நாட்டுக்கு வேலை செய்ய வந்தவன், அதிகாரி குடும்பத்துக்கு அல்ல என்று நாடாளுமன்றப் பாதுகாப்புத்துறை நிலைக்குழு 2008இல் சொன்னது. கடற்படையிலும் விமானப்படையிலும் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே அதிகாரிகள் தங்கள் பூட்ஸைத் தாங்களே துடைத்ததால் எந்தக் கப்பலும் முழுகிவிடவில்லை. 2017இல் ஜவான்களே வீடியோவில் முறையிட வேண்டி வந்தது. ஏனென்றால் சங்கம் வைக்கவும் பத்திரிகையிடம் பேசவும் சட்டத்தின் 21வது பிரிவு அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது.

படைப்பிரிவுகளைப் பாருங்கள். ஒரே குருவைக் கும்பிடும் சீக்கியர்களில் ஜாட் சீக்கியர் சீக்கிய ரெஜிமெண்டுக்கு. மஜ்ஹபி, ராம்தாசியா சீக்கியர் சீக்கிய இலகு காலாட்படைக்கு. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகியோரிலிருந்தே ஆள் எடுப்பதாக 2013இல் உச்ச நீதிமன்றத்தில் ராணுவமே சொன்னது. உயரமும் தோற்றமும் ஒன்றுபோல் இருக்கணுமாம்.

பதவியும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பதவி உழைத்தால் ஏறும், ஓய்வு பெற்றால் கழன்றுவிடும். சாதி பிணமான பிறகும் தனிச் சுடுகாடு கேட்கும். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எப்போது சுடுவது என்று கட்டளையிட மேலதிகாரி வேண்டும்தான். ஆனால் கட்டளை சண்டைக்களத்தை விட்டு அதிகாரியின் வீட்டு வாசலுக்கு வந்ததும் அதன் குணம் மாறிவிடுகிறது. பாலீஷ் போடுகிற ஜவான் எந்தச் சாதியில் பிறந்திருந்தாலும் சரி, சேரிக்காரனிடம் ஊர் வாங்கிய வெட்டி வேலையைத்தான் அவனிடமும் வாங்குகிறார்கள். இதைப் பார்த்துச் சாதி இந்துச் சிப்பாய்க்கு வரும் கோபம் நியாயமானது. அதே கோபம் தன் ஊரைப் பார்த்தும் அவனுக்கு வரவேண்டும்.

ஆள் எடுப்புக்கு ஓடிப் பழகும் நம் பிள்ளைகளைப் போகாதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அது சோறு. ஆனால் இரண்டைக் கேட்போம். பிறப்பைப் பார்த்துப் படைப்பிரிவுக்கு ஆள் எடுப்பது ஒழியட்டும். அவரவர் பூட்ஸை அவரவரே துடைக்க வேண்டும் என்று ஜெனரல் முதல் சிப்பாய் வரைக்கும் ஒரே விதி எழுதட்டும். கோடிக்கணக்கில் ஆயுதம் வாங்கும் அரசாங்கத்துக்கு, ஆளுக்கொரு பிரஷ் வாங்கித் தருவது பெரிய செலவில்லை.