மென்படலமும் மனித உயிரும்

பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்ததும் எழும் அழுகிய முட்டை நாற்றத்தை யாவரும் அறிவர். ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவின் நாற்றம் அது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு இதனை உணர்ந்துவிடும். ஆயின், அளவு சுமார் 100 பங்கை எட்டியதும் மூக்கு மரத்துவிடுகிறது. நாற்றம் நீங்கிவிட்டதாகவே தோன்றுகிறது. இன்னும் சில நூறு பங்கு மிகுந்தால் மனிதன் நினைவிழந்து வீழ்கிறான். ஆபத்து வேளையில் கைவிடும் மூக்கை நம்பி உயிரைப் பணயம் வைத்தல் தகுமோ?

மூக்கினும் நம்பத்தக்க கருவிக்கு விஞ்ஞானம் வழி காட்டியுள்ளது. துத்தநாக ஆக்ஸைடு மென்படலத்தின் மின்தடை மாறுவதைக் கொண்டு வாயுக்களைக் கண்டறியலாம் என்பதை, 1962-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேராசிரியர் செயாமாவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். பின்னர் வெள்ளீய ஆக்ஸைடு பெருவழக்காயிற்று. சூடேற்றிய இப்படலத்தின்மீது காற்றிலுள்ள ஆக்ஸிஜன் படிந்து எலெக்ட்ரான்களைக் கவர்ந்துகொள்வதால் மின்தடை உயர்கிறது. எரியக்கூடிய வாயு வந்து அந்த ஆக்ஸிஜனுடன் கூடியதும் எலெக்ட்ரான்கள் படலத்திற்கு மீள்கின்றன, மின்தடை தாழ்கிறது.

வெள்ளீய ஆக்ஸைடுடன் தாமிர ஆக்ஸைடைச் சேர்ப்பின், படலம் ஹைட்ரஜன் சல்பைடைச் சிறப்பாக உணரும். அவ்வாயு பட்டதும் தாமிர ஆக்ஸைடு, மின்சாரத்தை நன்கு கடத்தும் தாமிர சல்பைடாக மாறுகிறது. மின்தடை பன்மடங்கு வீழ்கிறது. வாயு அகன்றதும் மீண்டும் ஆக்ஸைடாகிறது.

இவ்வளவு நுட்பம் கைவந்தும் மனநிறைவு கொள்வதற்கில்லை. எத்துணை நுண்ணிய அளவை உணர்ந்தது என்பதையே ஆய்வாளர் பெருமையாகக் கருதுவதுண்டு. சாக்கடையின் காற்றோ ஆய்வுக்கூடத்தின் உலர்ந்த காற்று அன்று. ஈரமும் மீத்தேனும் அம்மோனியாவும் அங்கே கலந்திருக்கின்றன. ஈரம் படலத்தின் மின்தடையை மாற்றுகிறது. பிற வாயுக்கள் அதனை ஏமாற்றக்கூடும். நாளடைவில் படலத்தின் உணர்திறனும் வழுவுகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் தாமிர ஆக்ஸைடு கலந்த படலங்களில் இவ்வழுவலின் காரணத்தை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். பரபரப்பில்லாத இத்தகைய ஆய்வே உயிர் காக்கும் ஆய்வு என்பது எம் கருத்து. ஈரக்காற்றில் பல மாதம் உழைத்த பின்னும், அளவு தெரிந்த வாயுவைக் கொண்டு சோதிக்கையில் பிழையாது காட்டும் படலத்திற்கே நாம் மதிப்பளித்தல் வேண்டும்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. ஆக்ஸிஜன் குறைவாலும் சாக்கடைக்குள் மனிதன் மாள்கிறான். அதனை அளக்க வேறு கருவி வேண்டும். ஆகவே படலம் எச்சரிக்காதிருப்பதை உள்ளே இறங்குவதற்கான அனுமதியாகக் கொள்ளலாகாது. பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அங்கே இறப்போர் குடும்பத்திற்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2023-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீடு உயிரை மீட்காது. இறங்கும் வேலையை இயந்திரம் ஏற்கட்டும்; மேலே நின்று அதனை இயக்குவோரை நம் படலங்கள் காக்கட்டும். அதற்குத் தகுதியுடையனவாக அவற்றைச் செய்து முடித்தல் நம் ஆய்வுக்கூடங்களின் கடமையாகும்.