எழுதுவோர்க்கு ஒரு துணை

எழுதினவன் தன் கட்டுரையைத் திரும்ப வாசிக்கும்பொழுது தாளில் உள்ளதை மாத்திரம் வாசிப்பதில்லை; தாளில் வாராது தன் நெஞ்சில் நின்றுவிட்டதையும் சேர்த்தே வாசித்துவிடுகின்றான். ஆதலின், எது வந்தது, எது வாராது நின்றது என்பதை அவனால் எளிதிற் பிரித்தறிய இயலாது. அதனை அறிந்து சொல்லப் பிறிதொருவர் கண் வேண்டும். அக்கண்ணுடையாரை யாம் ஈண்டு 'எழுத்துத் துணைவர்' என்று வழங்குகின்றோம். மேனாடுகளில் இவ்வுதவியையே தொழிலாகக் கொண்டோர் பலர் உளர். நம் நாட்டு நகரங்களிலும் இந்நாளில் அன்னோர் பெருகி வருகின்றனர். நம் கலாசாலை மாணாக்கர்க்கும் அத்தகைய துணை வேண்டுமோ, வேண்டுமெனின் அஃது எத்தன்மைத்தாய் இருத்தல் வேண்டும் என்பது குறித்து எமக்குப் பட்டதைக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

ஈண்டு யாம் கருதும் எழுத்து, பரீட்சைக்கு எழுதும் விடையன்று. தன் வாழ்வைத் தானே நோக்கி எழுதும் கட்டுரையும், கதை, கவிதை, நாடகம் முதலிய கற்பனை முயற்சிகளுமே யாம் கருதுவன. பிரெஞ்சு நாட்டு மொந்தேன் என்பார் 1580-ஆம் ஆண்டில் தம்மையே பொருளாக வைத்து எழுதிய நூலுக்கு 'முயற்சிகள்' என்று பொருள்படும் பெயரை இட்டார். அப்பெயரே பின்னர் இவ்வகை எழுத்துக்கு உலகெங்கும் வழங்கலாயிற்று. முயற்சி என்னும் சொல்லிலேயே ஒரு பணிவு உளது. முடிந்த முடிபு அன்று, தேடிச் செல்லும் வழி என்பது அதன் கருத்து. வழியிற் செல்வார்க்குத் துணை வேண்டுதல் இயல்பேயன்றோ?

இந்நாளில் இத்தேவை முன்னினும் மிகுந்துளது. பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும், உபகாரச் சம்பளம் வழங்கும் நிறுவனங்கள் பலவும் மாணாக்கரின் மதிப்பெண்ணோடு, அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிய கட்டுரை ஒன்றையும் கேட்கின்றன. நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பணம் கொடுத்துப் பயிற்றுநரை அமர்த்திக்கொள்கின்றனர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாயிலை மிதித்த நம் பிள்ளைகளோ, யாரிடம் காட்டுவது என்றறியாது, எங்கோ கிடைத்த மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதி அனுப்பிவிடுகின்றனர். ஆதலின் இஃது இலக்கியச் சுவை பற்றிய வினா மாத்திரமன்று. நீதியைப் பற்றிய வினாவும் ஆகும்.

புளியங்குடியிலிருந்து வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். உன் ஊரைப் பற்றி எழுதுக என்றால், அவள் பெரும்பாலும் குற்றாலத்து அருவியையும், தென்றலையும், சாரலையும் எழுதிக்கொண்டு வருவாள். அவை யாவும் மெய்யே. ஆயின் அவற்றைப் பேருந்தின் சன்னல் வழியாக நோக்கிய வழிப்போக்கனும் எழுதிவிடலாம். அவள் ஊரோ எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். முள்ளுக்குள் கைவிட்டுக் காய் பறிப்போரையும், பருமனும் நிறமும் நோக்கித் தரம் பிரிக்கும் பெண்டிரையும், ஏலக் குரலையும், கேரளத்துக்குப் புறப்படும் லாரிகளையும், கோடையில் ஏறி மழையில் இறங்கும் விலையையும் அவள் பிறந்தநாள் தொட்டு அறிவாள். வீட்டுத் திண்ணையிலே பீடி சுற்றும் தாயின் விரல்களை அறிவாள். ஆயினும், இவையெல்லாம் எழுதத்தக்க பொருள் அல்ல என்று அவளுக்கு யாரோ கூறாமற் கூறிவைத்துள்ளனர். பள்ளிப் புத்தகத்தில் அவை வந்ததில்லை. ஆதலின் தாளிலும் வரலாகாது என்று அவள் எண்ணுகின்றாள்.

எழுத்துத் துணைவர் செய்ய வேண்டும் முதற்காரியம் இவ்வெண்ணத்தை அகற்றுவதேயாம். அதனை உபதேசத்தால் அகற்றலாகாது; கேள்வியால் அகற்றல் வேண்டும். 'தரம் பிரிக்குங்கால் ஒதுக்கிய காய் எங்கே செல்லும்? விலை இறங்கிய நாளில் வீட்டிற் பேச்சு எப்படி இருக்கும்? உன் தாய் பீடிக் கட்டுகளை எண்ணுங்கால் நீ என்ன செய்துகொண்டிருப்பாய்?' என்று கேட்டால், அவள் வாயினின்று வருவதே கட்டுரையாகும். தாவீது அரசனுக்கு அவன் பிழையை உணர்த்த வந்த நாத்தான் தீர்க்கதரிசி, குற்றப் பட்டியல் ஏதும் வாசியாது, ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, தீர்ப்பை அரசன் வாயினின்றே வருவித்தனர் என்பதை வேதத்தில் வாசிக்கின்றோம். சிறந்த துணைவரின் வழியும் அதுவே. தாம் சொல்லற்பாலதை எழுதுவோரே கண்டு சொல்லுமாறு செய்தல்.

இஃது அயல்நாட்டினின்று நாம் இரவல் பெறவேண்டும் புதுமை என்று யாரும் கருதற்க. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871 முதல் அவர் மறைந்த 1876 வரை உடனிருந்து பயின்ற உ. வே. சாமிநாதையர், ஆசிரியர் பாடல்களைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் பணியைச் செய்துவந்தார். ஒரு பெரும்புலவர் உள்ளத்தில் செய்யுள் உருவாகும் வகையை அவர் அருகிருந்தே கண்டனர். எண்பது வயதைக் கடந்தபின், 1940-இல் ஆனந்த விகடனில் அவர் எழுதத் தொடங்கிய 'என் சரித்திரம்', தன்னைப் பற்றி எழுதும் எழுத்துக்குத் தமிழில் ஒரு பெருஞ்சான்று. அந்நூலின் பெரும்பகுதி தம்மைப் பற்றியதாகாது, தம் ஆசிரியரைப் பற்றியதாகவே அமைந்திருத்தலை நோக்குக. நல்ல துணை பெற்றவன் தன் கதையைச் சொல்லப் புகின், துணையின் கதையையும் சொல்லியே தீர்வான்.

நம் பக்கத்திலேயே இதற்கு வேறு சான்றும் உண்டு. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் இல்லத்து வட்டத் தொட்டியில் அன்பர்களைக் கூட்டிக் கவிதையை வாய்விட்டுப் படித்து அனுபவிக்கச் செய்தார். பின்னாளில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்து, 1954-இல் அங்கேயே காலமானார். ராஜாஜியும் கல்கியும் தேடிவந்த அவ்வீட்டு வாயில், இடைசெவல் என்னும் சிற்றூரினின்று வந்த இளைஞர் இருவர்க்கும் திறந்தே இருந்தது. அவ்விருவரே கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஆவர். பேசுவது போன்ற இயல்பான தமிழில் உயிர் உண்டு என்பதை ரசிகமணி தம் கடிதங்களாலேயே காட்டினர். அழகிரிசாமி தம் நண்பர்க்கு எழுதிய கடிதங்களும் பின்னர் நூலாயின. பள்ளிப் படிப்பை அதிகம் பெறாத கி. ரா., கரிசல் நிலத்துச் சொற்களை அகராதியாகத் தொகுத்து, 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராய் அமர்ந்து, 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' என்னும் நாவலுக்காகச் சாகித்திய அக்காதெமி விருதும் பெற்றனர். தன் ஊர்ப்பேச்சு எழுதத்தக்கது என்னும் துணிவு ஒருவனை எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இராஜவல்லிபுரத்து வல்லிக்கண்ணனோ, 2006-இல் மறையும்வரை, முகமறியாத இளைய எழுத்தாளர் பலர்க்கும் அவர்தம் எழுத்தை வாசித்துக் கடிதம் வரைந்துவந்தார். அவர் அதற்குக் கட்டணம் யாதும் கேட்டாரல்லர்.

நிற்க. துணைவரால் விளையும் கேடும் உண்டு. அதனையும் மறையாது கூறுதல் கடமை. அவ்வுண்மையையும் ரசிகமணியின் வாழ்விலேயே காண்கின்றோம். கம்பராமாயணத்துப் பாடல்களிற் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் நீக்கினர். சில இடங்களிற் சொல்லையும் மாற்றினர். அவர் சுவையுணர்வை மெச்சிய புலவரிலும் பலர் இதனை ஒப்பவில்லை. கம்பர் எழுந்துவந்து 'அஃது என் பாட்டே' என்று சொல்ல வழியில்லை. இதனோடு மற்றொன்றை ஒப்பிடுக. ஆங்கிலக் கவிஞர் எலியட் 1922-இல் வெளியிட்ட 'பாழ்நிலம்' என்னும் நெடும்பாட்டினை, அவர் நண்பர் எஸ்ரா பவுண்டு பெரிதும் வெட்டிக் குறைத்தார். 1971-இல் அக்கையெழுத்துப் படி அச்சாகியபொழுது, வெட்டிய கோடுகளை உலகமே கண்டது. ஆயின் எலியட் உயிரோடிருந்து, கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளினர். பாட்டையும் அந்நண்பர்க்கே காணிக்கையாக்கினர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு கத்தியின் கூர்மையில் இல்லை. எழுதினவனுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்பதிலேயே உளது. மாணாக்கன் ஆசிரியர்முன் நிற்குங்கால் அவன் வாய் பெரும்பாலும் அடைத்தே இருக்கும். ஆதலின் 'இம்மாற்றம் எனக்கு வேண்டா' என்று சொல்லும் உரிமையைத் துணைவரே முதற்கண் அவனுக்கு வழங்கிவிடல் வேண்டும்.

மற்றொரு கேடும் உண்டு. தன்னைப் பற்றி எழுதுக என்னும்பொழுது, ஏழைப் பிள்ளை தன் வறுமையைக் கடைவிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் வழக்கம் வேரூன்றி வருகின்றது. கண்ணீர் மிகுந்த கட்டுரைக்கே உபகாரச் சம்பளம் என்று எண்ணி, துணைவரே அதனைத் தூண்டுதலும் உண்டு. இஃது அறமன்று. எதைச் சொல்வது, எதைத் தன்னுள்ளே வைத்துக்கொள்வது என்பது எழுதுவோர்க்கே உரியது. தாயைப் பற்றி எழுதினால், அத்தாய்க்கு அதனை வாசித்துக் காட்டினாயா என்று கேட்பதும் துணைவர் கடன்.

எழுத்து பிறவிக் கொடை. அதனைப் பயிற்றுவிக்க இயலாது என்பார் உளர். கொடை பிறவியில் வரலாம். ஆயின் நிலத்தடி நீருக்கும் கிணறு தோண்டுவார் வேண்டும். இனி, மனிதர் எதற்கு, எந்திரம் போதாதோ என்பாரும் உளர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் இக்கேள்வி வலுத்துளது. சந்திப்பிழையைச் சுட்டுதற்கும், ஐயத்தைத் தெளிவதற்கும் அக்கருவி பயன்படலாம். ஆயின் அதனை எழுதச் சொன்னால், நிகழாத நினைவையும் நிகழ்ந்ததுபோல் எழுதித் தரும். தன் வாழ்வைப் பற்றிய கட்டுரையில் பிறர் புனைந்த நினைவை வைத்துக் கையொப்பமிடுதல் பொய்ச்சாட்சியன்றி வேறு யாது? பணம் பெற்று முழுதும் எழுதித் தரும் மனிதர்க்கும் இதே சொல் பொருந்தும். துணைவர் பேனாவைத் தம் கையில் எடுத்த கணமே துணைவர் அல்லராகின்றார்.

ஆகவே எம் கருத்து இது. நம் கலாசாலையில் வாரந்தோறும் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கப்படுக. மொழியாசிரியர் மாத்திரமன்றி, எத்துறை ஆசிரியரும், மேல்வகுப்பு மாணாக்கரும் துணைவராகலாம். முறை எளிது. முதலில் முழுவதும் வாசித்து, வாசித்தவர் கண்டது யாது என்பதைச் சொல்லுக. பின்னர், விளங்காத இடத்தையும், மேலும் அறிய விழைந்த இடத்தையும் கேள்வியாகக் கேட்க. எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் இறுதியில் வருக; நாளை நீக்கப்போகும் பத்திக்கு இன்றே பிழைதிருத்தல் வீண்வேலையாம். எழுதுவோரும் வெறுங்கையோடு வாராது, முடிந்தமட்டும் எழுதிய படியோடு வருக. எவ்வகை உதவி வேண்டும் என்பதையும் சொல்லுக. முதற்படியையும் இறுதிப்படியையும் ஒரே குறிப்பேட்டிற் காத்துவைத்தால், தன் வளர்ச்சியைத் தானே காணலாம். எழுத்து அவருடையதே என்பதற்கும் அதுவே சான்றாகும். இச்சஞ்சிகைக்கு வந்து இடம்பெறாத கட்டுரைகளையும் வாளா திருப்பாது, இரண்டு வரிக் குறிப்போடு திருப்புதல் நன்று.

பழைய மாணாக்கர்க்கும் ஒரு விண்ணப்பம். நீவிர் பல ஊர்களில், பல தொழில்களில் இருக்கின்றீர். கட்டடத்துக்கு நிதி உதவுகின்றீர், மகிழ்கின்றோம். திங்களுக்கு ஓர் இளைஞனின் கட்டுரையை வாசித்து ஒரு கடிதம் வரைதலும் கொடையே. தென்காசிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, தன் ஊரின் எலுமிச்சைக் களத்தைத் தன் சொல்லால் எழுதி, அதனைத் தன்னது என்று தலைநிமிர்ந்து அனுப்பும் நாள் வருமாயின், அதற்கு நாம் செலவிட்ட மணிகள் குறைவேயாம். அந்நாளை வருவிக்கும் பொறுப்பு ஆசிரியர், மாணாக்கர், பழைய மாணாக்கர் ஆகிய நம் மூவர்க்கும் உரியது.