உம்மாவின் கைப்பக்குவம் போய்விட்டதா?



"உம்மாக்கு இப்ப முந்தின கைப்பக்குவம் இல்ல." நம் வீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி விழும் பேச்சு இது. கறியில் உப்புக் கூடினால் சிரிக்கிறோம். புளித்துப்போன ஆணத்தைச் சூடாக்கி வைத்தால் ஏசுகிறோம். "வயசு போயிட்டு" என்று முடித்துவிடுகிறோம். "உம்மா, உங்களுக்கு மணம் விளங்குதா?" என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

மணம் தெரியாதவருக்கு எந்தக் கறியும் சப்பென்றுதான் இருக்கும். அதனால்தான் உப்பையும் தூளையும் கூட்டுகிறார். இது கைப்பக்குவம் பற்றிய விஷயமல்ல, மூளை பற்றிய விஷயம்.

டோபமைன் என்றதும் "சந்தோஷ இரசாயனம்" என்கிறோம். பிள்ளைகளின் போன் பைத்தியத்துக்கும் அதையே காரணம் சொல்கிறோம். வகுப்பறையில் நாமும் அப்படிச் சொல்லியிருக்கிறோம். அது பாதி உண்மைதான். மூக்கிற்கு மேலே, மூளையின் அடியில், மணத்தை முதலில் வாங்கும் சிறிய குமிழ் ஒன்று இருக்கிறது. அங்குள்ள சில கலங்கள் டோபமைனைச் சுரந்து, மூக்கிலிருந்து வரும் சமிக்ஞைகளைத் தணிக்கின்றன. வகுப்பில் ஒருவன் கத்தினால் அவனை அடக்கித்தானே மற்றவர்களின் குரலைக் கேட்கிறோம்? அந்த வேலைதான் இதுவும்.

மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் சுரக்கும் கலங்கள் அழிந்தால் கை நடுங்கும், நடை தளரும். 1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் விபரித்த நோய் அது. இந்த நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு மணம் குறைகிறது. பலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே குறைந்துவிடுகிறது.

அப்படியானால் டோபமைன் குறைந்ததால்தான் மணமும் போனதா? இல்லை. 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இறந்த நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்தார்கள். மணக் குமிழில் டோபமைன் கலங்கள் மற்றவர்களுக்கு இருப்பதைப்போல் இரண்டு மடங்கு இருந்தன! டோபமைனை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரை நடையைச் சீராக்குகிறது, மணத்தைத் திருப்பித் தருவதில்லை. இந்த நோயில் கட்டியாகத் திரளும் ஒரு புரதம் ஆரம்பத்திலேயே அந்தக் குமிழில் படிவதும் தெரியவந்திருக்கிறது. எனவே "டோபமைனைக் கூட்டும்" என்று விற்கப்படும் மருந்துகளை வாங்கிக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. தடிமன், பீனிசம், கொவிட், முதுமை என்று மணம் குறையப் பல காரணங்கள் உண்டு. மணம் குறைந்த பெரும்பாலானோருக்குப் பார்கின்சன் வருவதுமில்லை. ஆனால் மணக்குறைவோடு மலச்சிக்கல், கையெழுத்து சிறுத்துப்போதல், தூக்கத்தில் கத்துதல், கைகால் உதறுதல், நடை மெதுவாதல் என்பவையும் சேர்ந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மணம் குறைந்ததையும் மறக்காமல் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவசரமான கிளினிக்கில் அதை யாரும் கேட்காமல் விடலாம்.

இன்னொன்று. மணம் தெரியாதவருக்கு கேஸ் கசிவதும் தெரியாது, தீய்வதும் தெரியாது. அடுப்படியில் அவரைத் தனியே விட்டுவிட்டு, பிறகு குறை சொல்வது நியாயமா?

இந்த வாரம் நம் உம்மா வாப்பாவிடம் கண்ணை மூடச் சொல்லி, கொஞ்சம் கோப்பித்தூள், ஒரு கராம்பு, தோடம்பழத் தோல் என்று ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்துப் பார்ப்போம். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையல்ல. ஆனால் இத்தனை நாள் நாம் கேட்காமல் விட்ட கேள்வியை இன்ஷா அல்லாஹ் இப்படியாவது கேட்டுவிடலாம்.