ஷூ வாங்குவதைக் குறைத்தால் ஆம்பூர் என்ன ஆகும்?

ரூ.2,500 வரை விலையுள்ள காலணிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன்பு ரூ.1,000-ஐத் தாண்டினாலே 18 சதவீதம். விலை இறங்கியதும் 'இன்னொரு ஜோடி எடுத்துக்கலாமே' என்று தோன்றுவது சகஜம். 'தேவையில்லாம வாங்காதீங்க' என்ற அறிவுரையும் கூடவே கேட்கிறது. ஆனால், தோலும் ஷூவும் சோறு போடும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பகுதியில் இது அவ்வளவு எளிய விஷயம் இல்லை.

ஒரு ஜோடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

பச்சைத் தோல், ஷூ தைக்கும் தோலாக மாற உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் எனப் பல கட்டங்களைத் தாண்ட வேண்டும். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் தேவைப்படுவதாக உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு பதிவு செய்தது. டேனரிகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வையும் அது சுட்டிக்காட்டியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த அந்த வழக்கில்தான், 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என நீதிமன்றம் உறுதி செய்தது. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரி 30-ல், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் பாலாற்றைச் சீரமைக்கவும் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அப்போ வாங்காமலே இருந்துவிட்டால்?

ஷூ தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். ஷூவின் மேல்பாகமான 'அப்பரை' வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆர்டர் நின்றால் அன்றே வருமானமும் நின்றுவிடும். 2020 ஊரடங்கிலும், இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட 2025 ஆகஸ்டிலும் இந்தப் பயம்தான் இங்கே பேச்சாக இருந்தது.

ஆனால், ஆம்பூர் பெரும்பாலும் நம்பியிருப்பது ஏற்றுமதியை. ஆன்லைன் சேலில் மலிவாக வரும் பல ஷூக்களோ தோலே அல்ல, பியூ அல்லது பிவிசி. அதனால் நீங்கள் தவிர்க்கும் அந்த நான்காவது ஜோடியால் ஆம்பூரில் யாருக்கும் வேலை போய்விடாது.

குறைவாக வாங்குவது என்றால்?

எண்ணிக்கையைக் குறைத்து, வாங்கியதை நீண்ட நாள் போடுவது. சோல் வெறும் பசையில் ஒட்டியிருக்கிறதா, தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தைத்த சோலைக் கழற்றி மாற்றுவது சுலபம். எக்ஸ்ட்ரா ஜோடியை அலமாரியில் பூட்டி வைப்பதும் வீண்தான். பியூ சோல், போடாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும்.

ஒரு உதாரணக் கணக்கு: ரூ.1,500 ஷூவை வருடம் ஒன்று என வாங்கினால் 5 வருடத்தில் ரூ.7,500. ரூ.5,000 ஷூ வாங்கி, தலா ரூ.1,000-க்கு இரண்டு முறை சோல் மாற்றினால் ரூ.7,000. ஆனால் ஜிஎஸ்டி இதற்கு நேர் எதிராக நிற்கிறது. அடிக்கடி மாற்றும் மலிவு ஷூவுக்கு 5 சதவீதம், ரூ.2,500-ஐத் தாண்டும் ஷூவுக்கு 18 சதவீதம்.

வெளிநாடுகளில் என்ன நடக்கிறது?

பிரான்சில் 2023 முதல் துணி, ஷூ ரிப்பேருக்கு 6 முதல் 25 யூரோ வரை தள்ளுபடி கிடைக்கிறது. விற்காத ஆடைகளையும் ஷூக்களையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்குத் தடை அமலாகும் தேதியாக 2026 ஜூலை 19-ஐ ஐரோப்பிய ஒன்றியம் குறித்திருக்கிறது. ஆம்பூர் ஷூக்களுக்கு ஐரோப்பா முக்கியச் சந்தை. விற்கும் அளவுக்கு மட்டுமே ஆர்டர் கொடுக்கும் பழக்கம் அங்கே வந்தால், அதன் விளைவு இங்கும் தெரியும்.

குறைந்த ஜோடிகள், நல்ல தரம், ஜோடிக்கு நியாயமான கூலி என்று அந்த மாற்றம் வந்தால் பாலாற்றுக்கும் நல்லது, தொழிலாளிக்கும் நல்லது. கூலி அதே இடத்தில் நின்று ஜோடிகள் மட்டும் குறைந்தால், அந்த நஷ்டம் வீட்டில் அப்பர் தைக்கும் பெண்ணின் தலையில்தான் விழும். வாங்குபவர் தன் கார்ட்டைக் குறைக்கலாம். கூலியை உயர்த்துவது பிராண்டுகளின் கையிலும், வரியை மாற்றுவது அரசின் கையிலும் இருக்கிறது.